அட்டைக்கும் கணக்கு உண்டு

அட்டை, ஈப்புழு, குடலில் வாழும் பாக்டீரியா, அந்தப் பாக்டீரியாவை அழிக்கும் ஃபேஜ் என மருத்துவத்துக்குப் பயன்படும் உயிரினங்களை அரசு ஒழுங்குபடுத்துவது அறியாமை என்றும் அத்துமீறல் என்றும் சென்ற இதழ்க் கட்டுரை முழங்கியிருக்கிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வைக் கூண்டில் ஏற்றி, ஐந்து குற்றச்சாட்டுகளை வாசித்து, வாசித்தவரே தீர்ப்பையும் எழுதிவிட்டார். உயிருள்ள ஜீவனைச் சாதனம் என்று வகைப்படுத்தியது மடமை; நூற்றாண்டுகளின் பயன்பாடே பாதுகாப்புக்குப் போதுமான சான்று; உரிமம், ஆய்வு, முத்திரை எல்லாமே பெருநிறுவனங்கள் விரித்த வலை; அனுமதிக்குக் காத்திருக்கும் நேரத்தில் நோயாளி இறந்துபோகிறார்; தன் உடம்புக்கு எது வேண்டும் என்று நோயாளியே முடிவெடுத்துக்கொள்வார். தனித்தனியே கேட்டால் ஐந்தும் இனிக்கின்றன. முதல் வாதத்தை இரண்டாவது மறுக்கிறது, மூன்றாவதை வரலாறு மறுக்கிறது, ஐந்தாவதோ முதல் நான்கையும் சேர்த்தே அழிக்கிறது என்பதை எழுதியவர் கவனிக்கவில்லை. வாசகர்கள் கவனித்திருப்பார்கள்.

சாதனம் என்ற வகைப்பாட்டிலிருந்து தொடங்குவோம். ஊசியும் ஊன்றுகோலும் இருக்கும் பட்டியலில் அட்டையைச் சேர்த்தவர்களுக்கு அறிவு உண்டா என்று கட்டுரையாளர் கேட்கிறார். கேட்பதற்கு முன் சட்டத்தை ஒருமுறை புரட்டியிருக்கலாம். 1938ஆம் ஆண்டின் உணவு, மருந்து, அழகுப்பொருள் சட்டத்துக்கு 1976இல் வந்த திருத்தத்தின்படி, உடலில் வேதிவினை புரிவதாலோ வளர்சிதை மாற்றம் அடைவதாலோ தன் முதன்மையான வேலையைச் செய்யாத மருத்துவப் பொருள் சாதனம் எனப்படும். உயிர் இருக்கிறதா என்று சட்டம் கேட்கவில்லை, வேலை எவ்வாறு நடக்கிறது என்றே கேட்கிறது. துண்டான விரலை ஒட்டவைக்கும் அறுவை மருத்துவர் தமனியை இணைத்துவிடுவார். மிக மெல்லிய சிரைகளோ பல நேரங்களில் ஒத்துழைப்பதில்லை. ரத்தம் உள்ளே வரும், வெளியேற வழி இருக்காது. விரல் கருநீலமாக வீங்கி அழியத் தொடங்கும். புதிய சிரைகள் உருவாகும் வரை தேங்கிய ரத்தத்தை இழுத்து வெளியேற்றுவதுதான் அட்டையின் வேலை, அது விழுந்த பிறகும் கடிவாய் மணிக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். 1985இல் பாஸ்டனில் ஐந்து வயதுச் சிறுவனின் அறுந்த காதை ஒட்டவைத்த ஜோசப் அப்டன், வேல்ஸிலிருந்து அட்டைகளை வரவழைத்து அந்தக் காதைக் காப்பாற்றியது இப்படித்தான்.

இந்த வகைப்பாட்டால் விளைந்தது என்ன? 1976 மே 28க்கு முன்பே விற்பனையில் இருந்த பொருளுக்கு இணையானது என்று காட்டினால் போதும் என்ற எளிய வழி திறந்தது. கலிஃபோர்னியாவில் ரொனால்ட் ஷெர்மன் என்ற மருத்துவர் வளர்த்துவந்த ஈப்புழுக்களுக்கு 2004 ஜனவரியிலும், பிரான்ஸின் ரிக்காரிம்பெக்ஸ் நிறுவனத்தின் அட்டைகளுக்கு அதே ஆண்டு ஜூனிலும் அனுமதி கிடைத்தது இந்த வழியில்தான். புதிய மருந்து என்று வகைப்படுத்தியிருந்தால் பல கட்ட மருத்துவச் சோதனைகளின் செலவை இந்தச் சிறு உற்பத்தியாளர்கள் தாங்கியிருப்பார்களா? ஜெர்மனி அட்டையை மருந்தாகவே நடத்துகிறது. அங்கே வளர்ப்பவர் மேல் ஏறும் சுமை கூடுதல். ஆக, எந்த வகைப்பாட்டை மடமை என்று கட்டுரையாளர் தூற்றுகிறாரோ, அதுதான் அவர் பரிந்து பேசுவதாகச் சொல்லிக்கொள்ளும் சிறு உற்பத்தியாளரை வாழவைத்தது. அட்டையின் உமிழ்நீரில் ஹிருடின் இருக்கிறதே, அது வேதிப்பொருள் இல்லையா என்று வெற்றிப் பெருமிதத்தோடு ஒரு கேள்வியையும் வீசுகிறார். வேதிப்பொருள்தான். அப்படியானால் அட்டையை மருந்தாகக் கொண்டு இன்னும் கடுமையாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்றல்லவா அவர் வாதம் முடிய வேண்டும்? கட்டுப்பாடே கூடாது என்று எப்படி முடிந்தது? எதிராளிக்காக எடுத்துவந்த ஆயுதத்தைத் தன் மேலேயே போட்டுக்கொண்டு, காயம் பட்டதைக்கூட உணராமல் அடுத்த பத்திக்குப் போய்விட்டார்.

அடுத்த பத்தியில் மரபு வருகிறது. முன்னோர்கள் அட்டை விட்டார்கள், எந்த அரசு உரிமம் கொடுத்தது என்கிறார். 1976க்கு முந்தைய பயன்பாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் எஃப்.டி.ஏ. அனுமதியே வழங்கியது என்று மேலே பார்த்தோம். மரபை மதித்த அமைப்பை மரபின் பெயரால் திட்டுகிறார் என்றால், அவர் வாசித்தது எதை? சரி, அவருடைய மரபுக்கே போவோம். சுசுருத சம்ஹிதை அட்டைகளைப் பன்னிரண்டாகப் பிரித்து, ஆறு நஞ்சுள்ளவை, ஆறு நஞ்சற்றவை என்கிறது. எப்படிப்பட்ட நீரில் பிறப்பது ஆகும், எது ஆகாது என்று வரையறுக்கிறது. புதுப் பானையில் வைக்கவும், மூன்று நாளுக்கொருமுறை நீரையும் ஏழு நாளுக்கொருமுறை பானையையும் மாற்றவும், பயன்படுத்தியதை உறிஞ்சிய ரத்தம் முழுவதையும் கக்கவைத்த பிறகே மீண்டும் பானையில் விடவும் கட்டளையிடுகிறது. இனத்தை அடையாளம் காண்பது, பிறப்பிடத்தைச் சரிபார்ப்பது, வளர்ப்புச் சூழலின் தூய்மை, பயன்பாட்டுக்குப் பிந்தைய கட்டுப்பாடு: ஓர் ஒழுங்குமுறை ஆணையத்தின் பணிப்பட்டியல் இதைவிட வேறென்ன? சித்த மருத்துவமும் அட்டை விடலை முப்பத்திரண்டு புற மருத்துவங்களுள் ஒன்றாக வைத்து, கற்றவர் கையில்தான் ஒப்படைத்தது. மரபை வழிபடுகிறவர் அதன் விதிகளை மட்டும் வசதியாகக் கழற்றி வீசிவிட்டு வழிபடுகிறார். அது மரபின் மேல் உள்ள பக்தியா, மரபைக் காட்டிக் கணக்குக் கேட்பவர்களை விரட்டும் தந்திரமா?

நீண்ட நாள் பயன்பாடு எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவே சாட்சி. பாரிஸில் ஃபிரான்சுவா புரூசே என்ற மருத்துவர், எல்லா நோய்க்கும் வேர் உடல் அழற்சியே என்று முடிவுகட்டி, எல்லாவற்றுக்கும் அட்டையையே பரிந்துரைத்தார். 1833இல் மட்டும் பிரான்ஸ் இறக்குமதி செய்த அட்டைகள் 4 கோடிக்கும் மேல். காலரா கண்டு நீரெல்லாம் வற்றிக் கிடந்தவரின் உடம்பிலிருந்தும் ரத்தம் உறிஞ்சப்பட்டது. அந்தப் பயன்பாட்டுக்கு மருத்துவர்களின் ஒப்புதல் இருந்தது, மக்களின் நம்பிக்கை இருந்தது, நெடுங்கால வழக்கம் இருந்தது. நோயாளிக்குப் பயன் இருந்ததா? விளைவை எண்ணிப் பார்க்காத நம்பிக்கை, நோயாளியோடு அட்டையையும் அழித்தது. குளம் குளமாக வாரியெடுத்ததும் சதுப்பு நிலங்கள் அழிந்ததும் சேர்ந்து ஐரோப்பிய மருத்துவ அட்டையை அரிதாக்கின. 1987இல் அது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கான சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர வேண்டியதாயிற்று. இயற்கையின் பிள்ளை என்று அட்டையைக் கொஞ்சுகிறவர், அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற ஓர் அரசு ஒப்பந்தம் தேவைப்பட்டதைச் சொல்ல ஏன் மறந்தார்?

இனி, கட்டுரையாளர் நெருங்கவே துணியாத இடத்துக்கு வருவோம். மாத்திரை ஆலையை விட்டு வெளியேறிய பிறகு எதையும் உண்பதில்லை, தன் வயிற்றில் வேறோர் உயிரை வளர்ப்பதில்லை. உயிருள்ள மருந்து இவை அனைத்தையும் செய்கிறது. அட்டையின் குடலில் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. அட்டை உண்ட ரத்தம் செரிப்பதில் அதற்கும் பங்குண்டு என்று கருதப்படுகிறது. அட்டைக்குத் துணையாக இருக்கும் அதே பாக்டீரியா, ஒட்டவைத்த விரலுக்குள் நுழைந்தால் சீழ் பிடிக்கவைத்து அறுவை சிகிச்சையையே வீணாக்கும். அதனால்தான் அட்டை விடும் மருத்துவமனைகளில் முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறார்கள். சில நோயாளிகளிடம் சிப்ரோஃப்ளாக்சசின் பலிக்காத ஏரோமோனாஸ் தோன்றியபோது ஆய்வாளர்கள் காரணம் தேடிப் போனார்கள். 2018இல் வெளியான கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வு காட்டிய விடை இது: அட்டைகளுக்கு உணவாகக் கொடுத்த கோழி ரத்தத்தில் அந்த வகை ஆன்டிபயாட்டிக் மிகச் சிறு அளவில் கலந்திருந்தது, அந்தச் சிறு அளவே எதிர்ப்புத்திறன் கொண்ட பாக்டீரியாவை அட்டையின் வயிற்றில் பெருகவைக்கப் போதுமானதாக இருந்தது. கோழிக்குக் கொடுத்த மருந்து, கோழி ரத்தம் வழியே அட்டைக்கும், அட்டை வழியே நோயாளியின் புண்ணுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. வெறும் கண்ணுக்கு அந்த அட்டை எந்தக் குறையும் இல்லாத, கொழுத்த, சுறுசுறுப்பான அட்டைதான். குளத்திலிருந்து பிடித்த ஜீவனுக்குப் பத்திரம் எதற்கு என்று கேட்பவர் இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியைத் தன் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்திருப்பார்?

கண்டுபிடித்தவர்கள் ஆய்வாளர்கள்தானே, அதிகாரிகள் இல்லையே என்று அவர் துள்ளக்கூடும். இன்னும் ஒரு சான்றையும் நானே எடுத்துத் தருகிறேன். ஹிருடோ மெடிசினாலிஸ் என்ற பெயரில் அனுமதி பெற்று விற்பனையான அட்டைகள் பெரும்பாலும் ஹிருடோ வெர்பானா என்ற வேறோர் இனம் என்று 2007இல் மார்க் சிடாலும் சக ஆய்வாளர்களும் மரபணு ஒப்பீட்டால் காட்டினார்கள். எஃப்.டி.ஏ.வின் கண்ணில் படாதது இது. ஆனால் இதிலிருந்து பெறும் பாடம் என்ன? இனத்தைக்கூடச் சரியாக அறியாமல் விற்றிருக்கிறார்கள் என்பது கட்டுப்பாடு கூடுதலாக வேண்டும் என்பதற்குச் சான்றா, இருப்பதையும் கலைத்துவிட வேண்டும் என்பதற்கா? வளர்த்தது யார், எதை ஊட்டினார், எங்கே அனுப்பினார் என்ற பதிவு இருந்தால்தான் நோயாளியின் புண்ணிலிருந்து பண்ணை வரை பின்னோக்கி நடக்க முடியும். ஜாடியில் போட்டுத் தெருமுனையில் விற்ற அட்டையை எந்த ஆய்வாளர் எங்கே போய்த் தேடுவார்? பாலில் என்ன கலந்திருக்கிறது என்று சோதிப்பவர் பசுவை அடக்கி ஆள்வதாக யாரும் புலம்புவதில்லை. அட்டையையும் எந்த அரசும் அடக்கவில்லை. விற்பவரைத்தான் கேள்வி கேட்கிறது.

ஈப்புழுவின் கதை இன்னும் வெளிப்படையானது. முதல் உலகப் போரில், நாள்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடந்த வீரர்களின் திறந்த காயங்களில் புழுக்கள் நெளிவதையும், அவற்றின் அடியில் தசை ஆரோக்கியமாகச் சிவந்திருப்பதையும் வில்லியம் பேயர் என்ற அமெரிக்க மருத்துவர் கண்டார். பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸில் எலும்புச் சீழ் நோயாளிகளுக்கு அதையே சிகிச்சையாக்கினார். கட்டுரையாளரைப் போன்றவர்கள் இந்தப் பாதிக் கதையோடு நிறுத்திக்கொள்வார்கள். மீதிப் பாதி: கிருமிநீக்கம் செய்யாத புழுக்கள் வழியே சில நோயாளிகளுக்கு டெட்டனஸ் வந்தது. பேயர் புழுவைக் கைவிடவில்லை, முட்டைகளைக் கிருமிநீக்கம் செய்யும் முறையை உருவாக்கினார். 1930களில் நூற்றுக்கணக்கான அமெரிக்க மருத்துவமனைகளுக்கு இந்தச் சிகிச்சை பரவியபோது ஆய்வகத்தில் கிருமிநீக்கம் செய்து வளர்த்த புழுக்கள் விலைக்கு வந்துவிட்டன. புழு மருத்துவத்தைக் காப்பாற்றியது கட்டுரையாளர் புகழும் இயற்கையா, அவர் வெறுக்கும் தரக்கட்டுப்பாடா?

மூன்றாவது வாதமான பெருநிறுவனச் சூழ்ச்சி, அவருக்கு மிகப் பிடித்தது என்பது அதற்கு ஒதுக்கிய இடத்திலிருந்தே தெரிகிறது. உயிரிலிருந்து பெறும் மருந்துகளின் தயாரிப்பைக் கட்டுப்படுத்திய முதல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் எப்படிப் பிறந்தது என்பதற்கு மட்டும் அதில் இடமில்லை. நான் சொல்கிறேன். 1901இல் செயின்ட் லூயிஸ் நகரச் சுகாதாரத் துறை, முன்பு பால் வண்டி இழுத்துக்கொண்டிருந்த ஜிம் என்ற குதிரையின் ரத்தத்திலிருந்து தொண்டை அடைப்பானுக்கு எதிரான சீரம் தயாரித்துவந்தது. அக்டோபர் தொடக்கத்தில் ஜிம்முக்கு டெட்டனஸ் என்று தெரிந்து அதைக் கொன்றார்கள். ஆனால் நோய் உள்ளே முளைத்திருந்த செப்டம்பர் 30 அன்று எடுத்த சீரம், ஆகஸ்ட் 24 என்ற தேதிச் சீட்டோடு ஏற்கெனவே வெளியே போயிருந்தது. 13 குழந்தைகள் இறந்தார்கள். அதே ஆண்டு கேம்டன் நகரில் அம்மை குத்திக்கொண்ட குழந்தைகளும் டெட்டனஸால் மாண்டார்கள். 1902 ஜூலை 1 அன்று நிறைவேறிய உயிரியல் பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், தயாரிப்பவருக்கு உரிமம், தயாரிப்பிடத்தில் ஆய்வு, சீட்டில் காலாவதித் தேதி ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. செயின்ட் லூயிஸில் லாபம் தேடிய முதலாளி எங்கே? தவறியது நகராட்சியின் சொந்த ஆய்வகம், இலவசமாக உயிர் காக்க முனைந்த ஆய்வகம். நல்ல நோக்கம் கிருமியைக் கொல்வதில்லை என்ற கசப்பான அறிவிலிருந்து பிறந்த சட்டம் அது.

அந்த அறிவைப் பெற மறுத்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஜெர்மனியின் லூபெக் நகரம் இருக்கிறது. 1929-30இல் அங்கே பிறந்த குழந்தைகளுக்கு பி.சி.ஜி. என்ற உயிருள்ள தடுப்பு மருந்தை வாய்வழியே கொடுத்தார்கள். பாரிஸிலிருந்து வந்த பாக்டீரியா குற்றமற்றது; உள்ளூர் ஆய்வகத்தில் மருந்து தயாரானபோது, அங்கேயே வைத்திருந்த கொடிய காசநோய்க் கிருமி அதில் கலந்துவிட்டது. சுமார் 250 குழந்தைகள் அதைக் குடித்தார்கள், 70க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மருந்தைக் கொடுத்த மருத்துவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர், காசநோயை ஒழிக்கத் துடித்தவர்கள். அதே பி.சி.ஜி. இன்று சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் மருந்தாகப் பயன்படுகிறது. நோயாளி அஞ்சாமல் அதை ஏற்கிறார் என்றால், குப்பிக்குள் இருப்பது சீட்டில் எழுதியதுதானா என்று வேறொருவர் சரிபார்த்திருக்கிறார் என்பதால்.

விலை ஏறவில்லையா என்று கேட்டால், ஏறியிருக்கிறது. கொடையாளரின் மலத்திலிருந்து எடுத்த குடல் பாக்டீரியாவை அடிப்படையாகக் கொண்டு 2022 நவம்பரில் அனுமதி பெற்ற ரெபையோட்டாவும் 2023 ஏப்ரலில் அனுமதி பெற்ற வவுஸ்டும் பல ஆயிரம் டாலர் விலையில் வந்தன. இது அநீதி என்றே நானும் கருதுகிறேன். ஆனால் விலை அநீதிக்கான மருந்து: விலைக் கட்டுப்பாடு, பொது நிதியில் இயங்கும் கொடையாளர் வங்கி, காப்பீடு. சோதனையை ஒழித்தால் விலை குறையும் என்பவர், யார் உயிரை வைத்துக் குறைக்கப் போகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். கண்காணிப்பு இல்லாத சந்தையில் முதலில் அழிவது, ஒவ்வொரு தொட்டியையும் சோதித்து வளர்க்கும் நேர்மையான சிறு வளர்ப்பாளர். பிழைப்பது, சோதிக்காததால் மலிவாக விற்பவர். பெருநிறுவன எதிர்ப்பு என்ற போர்வைக்குள் கட்டுரையாளர் யாருடைய கல்லாவுக்குக் காவல் நிற்கிறார்?

தாமதம் கொல்லும் என்ற நான்காவது வாதத்தில் மட்டும் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதையும் அவரால் ஒழுங்காகக் கையாள முடியவில்லை. கொடையாளரின் மலத்தை நோயாளியின் குடலில் செலுத்தும் மல மாற்று சிகிச்சைக்கு ஆய்வு அனுமதி கட்டாயம் என்று 2013இல் எஃப்.டி.ஏ. சொன்னது, மருத்துவர்கள் எதிர்த்தார்கள், அதே ஆண்டு ஜூலையிலேயே, வழக்கமான சிகிச்சை பலிக்காத சி. டிஃபிசிலி என்ற குடல் தொற்றுக்கு நோயாளியின் ஒப்புதலோடு செய்துகொள்ளலாம் என்று விதியைத் தளர்த்தியது. 2016இல் சான் டியேகோவில் எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காத தொற்றால் மரண வாசலில் கிடந்த டாம் பேட்டர்சனுக்கு அவசர அனுமதியில் ஃபேஜ் செலுத்தினார்கள், பிழைத்தார். பெல்ஜியமோ ஒவ்வொரு நோயாளிக்கும் ஏற்ப மருந்தாளுநர் ஃபேஜ் கலவை தயாரிக்கவும், அங்கீகரித்த ஆய்வகம் அதன் தரத்தைச் சான்றளிக்கவும் ஒரு தனி வழியே அமைத்திருக்கிறது. வேகமும் சோதனையும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு இத்தனை சான்றுகள் கண்முன் இருக்க, இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்க முடியும் என்று வாசகரை மிரட்டுவது நேர்மையான வாதமா?

2019 ஜூனில் எஃப்.டி.ஏ. வெளியிட்ட எச்சரிக்கையை அவர் மறைத்தது ஏன் என்பதும் இங்கே விளங்கும். ஒரே கொடையாளரின் மலத்தைப் பெற்ற இருவருக்கு, பல ஆன்டிபயாட்டிக்குகளை எதிர்க்கும் ஈ. கோலி தொற்றியது, ஒருவர் இறந்தார். அந்தக் கிருமிக்கான சோதனை வழக்கத்துக்கு வருவதற்கு முன் சேமித்து உறையவைத்த மலம் அது. மரணம் நிகழ்ந்தது அனுமதி பெற்ற ஆய்வில், ஆகவே தீய விளைவை அறிவித்தாக வேண்டியிருந்தது. அறிவித்ததால் கொடையாளர் அனைவரையும் அத்தகைய கிருமிகளுக்குச் சோதிப்பது கட்டாயமாயிற்று. யூடியூப் பார்த்து வீட்டுக் குளியலறையில் செய்துகொண்டவர் இறந்திருந்தால் அந்தச் சாவு எந்தக் கணக்கில் ஏறியிருக்கும், அதிலிருந்து யார் என்ன கற்றிருப்பார்?

இதுவே ஐந்தாவது வாதத்துக்கும் பதில். நோயாளியின் உரிமை என்று கட்டுரையாளர் உருகுகிறார். உரிமை தகவலின் மேல் நிற்பது. இந்த அட்டை எந்த இனம், எதை உண்டது, வயிற்றில் இருக்கும் பாக்டீரியா எந்த மருந்துக்கு அடங்கும் என்ற விடைகள் நோயாளியிடம் எங்கிருந்து வரும்? யாரோ சோதித்துப் பதிவு செய்திருந்தால் மட்டுமே வரும். சோதனையை ஒழித்துவிட்டு ஒப்புதலை வைத்துக்கொள்வது, படிக்க முடியாத பத்திரத்தில் கைநாட்டு வாங்குவது. லூபெக்கின் தாய்மார்களும் நம்பித்தான் குழந்தைகளைக் கொடுத்தார்கள்.

சித்த மருத்துவத்தின் பெயரையும் அவர் இழுத்திருப்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அட்டை விடலை அழிப்பவர்கள் அதற்கு விதி கேட்பவர்கள் அல்லர். அட்டையின் இனம், பிடித்த அல்லது வளர்த்த இடம், நீரின் தரம், யாருக்கு விடக் கூடாது என்ற பட்டியல் ஆகியவற்றை எழுதிவைத்துக் கடைப்பிடிக்கும் மருத்துவரே அந்த மரபின் வாரிசு. ஹெபடைடிஸ் பி வைரஸும் எச்.ஐ.வி.யும் ரத்தத்தில் பயணிக்கும் என்று அறிந்த காலத்தில், ரத்தத்தைக் கக்கவைத்த அட்டையையே மீண்டும் பயன்படுத்தலாம் என்ற பழைய அனுமதியையும் திருத்தி, ஒரு நோயாளியோடு ஓர் அட்டையின் பணி முடிய வேண்டும் என்று விதிப்பதே சுசுருதருக்குச் செய்யும் மரியாதை. அவர் காலத்து அறிவு எட்டிய எல்லை வரை அவர் விதித்தார். நம் காலத்து அறிவு எட்டிய எல்லை வரை நாம் விதிக்க வேண்டாமா?

கட்டுரையாளர் மறுவிளக்கம் எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன். எழுதும்போது இரண்டு கேள்விகளுக்கு மட்டும் நேரான பதில் தரட்டும். அட்டையும் புழுவும் நோயைக் குணப்படுத்தும் அளவுக்கு வலிமை வாய்ந்தவை என்றால், கெடுதல் செய்யும் வலிமை மட்டும் அவற்றுக்கு எப்படி இல்லாமல் போயிற்று? சோதிப்பவர் யாரும் இல்லாத சந்தையில் ஒரு நோயாளி இறந்தால், அதற்குப் பொறுப்பேற்று நீதிமன்றத்தில் நிற்கப் போவது யார்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைக்கும் வரை, அவருடைய சுதந்திர முழக்கத்தை விற்பவரின் சுதந்திரத்துக்கான முழக்கம் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.